புதிய ரைடில் முதலில் ஏறுவது யார்? தீம் பார்க் ஊழியர்களின் கதை

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று ஒரு பழமொழி உண்டு. ஒரு பொருளைக் கையாள்கிறவருக்கு அதில் கொஞ்சமாவது கிடைக்கத்தான் செய்யும் என்பது இதன் பொருள். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் ஓசியில் படம் பார்ப்பார். மிட்டாய்க் கடையில் வேலை செய்பவர் ஜாங்கிரியை ருசி பார்ப்பார். அப்படியானால் தீம் பார்க்கில் வேலை செய்பவர்?

கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு புதிய ரோலர் கோஸ்டர் கட்டுகிறார்கள். திறப்பு விழாவுக்கு ஊரே காத்திருக்கிறது. ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்தப் பூங்காவின் ஊழியர்கள் அதில் ஏறி, சுற்றி, இறங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இன்று உலகின் பெரிய தீம் பார்க்குகள் பலவற்றில் இது வழக்கம். ஆங்கிலத்தில் இதை 'ப்ரிவ்யூ' என்பார்கள். நாம் முன்னோட்டம் என்று சொல்லலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஊழியர்களுக்கு நிர்வாகம் தரும் பரிசு. வரலாற்றைப் புரட்டினால் வேறொன்றும் தெரிகிறது. இந்தப் பரிசு ஒரு வேலையும் கூட! முன்னோட்டத்துக்கு வரும் ஊழியர் பாதி விருந்தாளி, பாதி சோதனையாளர். இந்த இரண்டு பாதிகளும் எப்படி ஒட்டிக்கொண்டன, அதில் யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒத்திகை பார்க்காத திறப்பு விழா

கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே வால்ட் டிஸ்னி தன் கனவுப் பூங்காவான டிஸ்னிலேண்டைக் கட்டினார். 1954 ஜூலையில் வேலை ஆரம்பம், 1955 ஜூலையில் திறப்பு விழா. வெறும் ஒரே ஆண்டு! செலவு சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர்.

இந்த அவசரத்துக்கு என்ன காரணம்? பணம் போட்டவர்களில் ஏபிசி தொலைக்காட்சியும் ஒன்று. திறப்பு விழாவை நாடு முழுவதும் நேரடியாக ஒளிபரப்ப ஏற்பாடாகியிருந்தது. தேதியைத் தள்ளிப்போட வழியே இல்லை. முதல் நாள் இரவு வரை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அன்று அனுமதி. ஆனால் யாரோ போலி அழைப்பிதழ் அச்சடித்து விற்றுவிட்டார்கள். அன்று உள்ளே வந்தவர்கள் சுமார் 28,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் அழைக்கப்படாதவர்கள்.

கொளுத்தும் வெயிலில் புதிதாகப் போட்ட தார் இளகியது. பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய் வேலை செய்பவர்கள் அதற்கு முன் வேலைநிறுத்தம் செய்திருந்ததால், கழிப்பறையா குடிநீர்க் குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்திருந்தது. டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். விளைவு, வெயிலில் வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. உணவு தீர்ந்து போனது. ஒரு பகுதியில் எரிவாயு கசிந்ததால் அதை மூடினார்கள். மார்க் ட்வைன் என்ற படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் தண்ணீர் படகின் தளத்துக்கு வந்தது.

இதை ஊழியர்களின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். அவர்களில் பலர் சில வாரங்களுக்கு முன் வேலையில் சேர்ந்தவர்கள். எப்படிச் சிரிக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு முழு நாள், முழுக் கூட்டத்தோடு பூங்காவை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 13 அன்று, டிஸ்னி தன் 30-ஆவது திருமண நாள் விருந்தைப் பூங்காவிலேயே நடத்தினார். அது நண்பர்களுக்கான சிறிய விருந்து. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை அந்த விருந்து சொல்லித் தரவில்லை.

அந்த நாளுக்குப் பின்னாளில் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர் வந்துவிட்டது. சில ரைடுகள் அன்று தயாராகவே இல்லை. இன்றும் குழந்தைகள் ஆசையாக ஏறும் பறக்கும் யானை டம்போ, ஆகஸ்ட் நடுவில்தான் ஓடத் தொடங்கியது.

மேடை, நடிகர், ஒத்திகை

டிஸ்னிலேண்டின் முதல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் வான் ஆர்ஸ்டேல் ஃபிரான்ஸ். அவருக்கு உதவியாளராக 1955-இல் சேர்ந்த டிக் நூனிஸ் என்ற இளைஞர் பிற்காலத்தில் டிஸ்னி பூங்காக்கள் அனைத்துக்கும் தலைவரானார். ஃபிரான்ஸ் தொடங்கிய பயிற்சிப் பிரிவுதான் பிறகு 'டிஸ்னி பல்கலைக்கழகம்' என்ற பெயரில் புகழ் பெற்றது.

இந்தப் பயிற்சியில் எல்லாச் சொற்களும் நாடகத்திலிருந்து வந்தவை. வாடிக்கையாளர் இல்லை, 'விருந்தினர்'. ஊழியர் இல்லை, 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழுவில் ஒருவர். மக்கள் பார்க்கும் இடம் 'மேடை', பார்க்காத இடம் 'மேடைக்குப் பின்புறம்'. சீருடைகூட 'வேஷம்' தான்.

நாடகம் என்றால் ஒத்திகை வேண்டும் அல்லவா? முதல் நாளில் தவறவிட்ட அந்தப் பாடத்தை நிறுவனம் பிறகு கற்றுக்கொண்டது. ஃபுளோரிடா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. வேண்டுமென்றே கூட்டம் குறைவாக இருக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நாள் வந்தவர்கள் சுமார் 10,000 பேர்தான். ஆடம்பரமான தொடக்க விழாவை அந்த மாதக் கடைசியில்தான் நடத்தினார்கள். இடையில் கிடைத்த மூன்று வாரங்களும் ஊழியர்களுக்கு ஒத்திகை போல ஆயின.

ஆனால் ஒருவர் கற்ற பாடத்தை அடுத்தவரும் கற்பார் என்று சொல்ல முடியாது. 1990 ஜூன் 7 அன்று அதே ஃபுளோரிடாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா திறக்கப்பட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் உட்படப் பல பிரபலங்கள் வந்திருந்தார்கள். கிங்காங், ஜாஸ், நிலநடுக்கம் ஆகிய மூன்று பெரிய ரைடுகளும் அன்று மக்கரடித்தன. கோபத்தோடு நின்ற மக்களுக்கு நிர்வாகம் இன்னொரு நாள் இலவசமாக வர டிக்கெட் கொடுத்தது. சுறா மீன் வரும் ஜாஸ் ரைடை மூடி, ஏறக்குறைய முழுவதுமாக மாற்றிக் கட்டி, 1993-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

மணல் மூட்டையிலிருந்து மனிதன் வரை

சரி, ஒரு புதிய ரைடை எப்படிச் சோதிக்கிறார்கள்? முதலில் வெறும் வண்டியை ஓட்டுவார்கள். பிறகு மணல் மூட்டைகள் அல்லது தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை இருக்கைகளில் வைத்து நூற்றுக்கணக்கான முறை ஓட்டுவார்கள். வேகம், அதிர்வு, பிரேக் எல்லாம் கருவிகளில் பதிவாகும். எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் பொறியாளர்கள் ஏறுவார்கள். அதற்குப் பிறகு ஊழியர்கள், அவர்களுடைய குடும்பத்தினர், அழைக்கப்பட்டவர்கள், ஆண்டு முழுவதற்கும் பாஸ் வாங்கியவர்கள். கடைசியில் பொதுமக்கள்.

பொம்மைகள் போதாதா, ஊழியர்கள் எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பொம்மை தாமதமாக வராது. தோள்பையை எங்கே வைப்பது என்று கேட்காது. "நான் முன்வரிசையில் உட்காருகிறேன்" என்று அடம் பிடிக்காது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உயரம் அளக்கும் கம்பியின் முன் அழாது. சக்கர நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாறாது. இவை எல்லாம் மனிதர்கள் செய்வது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரோலர் கோஸ்டர் வண்டியில் 24 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். 60 நொடிக்கு ஒரு வண்டி கிளம்பினால் மணிக்கு 1,440 பேர் ஏறலாம். ஏறி இறங்கக் கொஞ்சம் தடுமாறி 90 நொடி ஆகிவிட்டால் மணிக்கு 960 பேர்தான். வெறும் 30 நொடியில் 480 பேர் குறைந்துவிட்டார்கள்! 12 மணி நேரம் ஓடினால் 5,760 பேர். அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள், அல்லது ஏமாந்து திரும்புவார்கள். இந்த 30 நொடி எங்கே வீணாகிறது என்பதைக் கண்டுபிடிக்க உண்மையான மனிதர்கள் வேண்டும். தவறு நடந்தாலும் வெளியே போய்ப் புகார் செய்யாத மனிதர்களாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஊழியர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

மறுபக்கத்தில் ரைடை இயக்கும் ஊழியருக்கும் இது பரீட்சை. பட்டனை அழுத்துவது, பாதுகாப்புக் கம்பியை இழுத்துப் பார்ப்பது, நடுவழியில் வண்டி நின்றால் ஆட்களை இறக்கிக் கூட்டி வருவது எல்லாவற்றையும் அவர் தன் சக ஊழியர்கள் மீதே பழகிப் பார்க்கிறார். ஒரே முன்னோட்டத்தில் வேலை செய்பவரும் ஊழியர், வேடிக்கை பார்க்க வந்தவரும் ஊழியர்.

பரிசா, பலியா?

இந்த வரிசை சரியாக நடந்தால் ஊழியர்கள் ஏறும்போது ஆபத்து ஏறக்குறைய நீங்கியிருக்கும். பொம்மைகளும் கருவிகளும் பொறியாளர்களும் முன்பே ஏறியிருப்பார்கள். வரிசை மாறினால்?

அதற்கு மோசமான உதாரணம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருந்த ஆக்‌ஷன் பார்க். 1978-இல் ஜீன் முல்விஹில் என்பவர் தொடங்கியது. அங்கே 'கேனன்பால் லூப்' என்று ஒரு தண்ணீர்ச் சறுக்கு கட்டினார்கள். மூடிய குழாய்க்குள் சறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ரோலர் கோஸ்டர் போலத் தலைகீழாக ஒரு முழு வட்டம் அடித்து வெளியே வர வேண்டும். வண்டி கிடையாது, பெல்ட் கிடையாது, வெறும் உடம்பு!

இதைச் சோதிக்க ஊழியர்களுக்கு ஆளுக்கு 100 டாலர் தருவதாக நிர்வாகம் சொன்னது என்று முன்னாள் ஊழியர்கள் பலர் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கோடை விடுமுறையில் வந்த பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு 100 டாலர் என்பது பெரிய தொகை. சிலர் போனார்கள். மூக்கிலும் வாயிலும் அடிபட்டு வெளியே வந்தவர்களைப் பற்றிய கதைகள் உண்டு. 1985-இல் அந்தச் சறுக்கு சுமார் ஒரு மாதம் மட்டுமே மக்களுக்குத் திறந்திருந்தது. பிறகு அரசின் பாதுகாப்புக் குழு தலையிட்டதால் மூடப்பட்டது. அந்தப் பூங்காவே 1996-இல் மூடப்பட்டது. 2020-இல் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமும், முல்விஹிலின் மகன் எழுதிய புத்தகமும் வெளிவந்தன.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2016 மே மாதம் சென்னை தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் ஒரு ராட்சத ராட்டினத்தைச் சோதனையாக ஓட்டிப் பார்த்தார்கள். அதில் ஏறியிருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். ஓடிக்கொண்டிருந்த ராட்டினம் சரிந்து விழுந்தது. ஒரு ஊழியர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். மக்கள் ஏறுவதற்கு முன்பே கோளாறு தெரிந்துவிட்டதே என்று யாராவது ஆறுதல் சொல்லலாம். ஆனால் அந்தக் கோளாறை மணல் மூட்டைகள் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் உயிர் அல்ல.

ஆக 'முதலில் ஏறுவது' என்ற ஒரே செயலுக்கு இரண்டு அர்த்தங்கள் இருக்கின்றன. சோதனை எல்லாம் முடிந்த ரைடில் முதலில் ஏறினால் அது மரியாதை. சோதனை முடியாத ரைடில் முதலில் ஏற்றினால், அந்த ஊழியரே மணல் மூட்டை ஆகிவிடுகிறார்.

ஒத்திகை சொன்னது, நிர்வாகம் பாதிதான் கேட்டது

ஒத்திகை நடத்தினால் மட்டும் போதாது, அது சொல்வதைக் கேட்க வேண்டும். இதற்குச் சரியான பாடம் ஹாங்காங் டிஸ்னிலேண்ட். 2005 செப்டம்பர் 12 அன்று திறக்கப்பட்ட இந்தப் பூங்காவில் அன்று ஹாங்காங் அரசுக்கு 57 சதவீதப் பங்கு இருந்தது. அதனால் ஊர் மக்கள் இதைத் தங்கள் வரிப்பணத்தில் கட்டியதாகவே பார்த்தார்கள்.

திறப்புக்கு முன் ஆகஸ்ட் நடுவிலிருந்தே 'ஒத்திகை நாட்கள்' நடந்தன. செப்டம்பர் 4 அன்று நன்கொடை திரட்டும் நாளாக ஒரு பெரிய ஒத்திகை. சுமார் 29,000 பேர் வந்தார்கள். பூங்காவின் ஒரு நாள் உச்ச வரம்பு 30,000 என்று நிர்வாகம் வைத்திருந்தது. அதாவது வரம்புக்குள்தான் கூட்டம். ஆனாலும் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், சில ரைடுகளுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வரம்பைக் குறையுங்கள் என்று அரசும் பத்திரிகைகளும் சொன்னன. நிர்வாகம் சம்மதிக்கவில்லை. பூங்கா திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறோம், வார நாட்களில் சலுகை தருகிறோம் என்று மட்டும் சொன்னது. திறந்த சில வாரங்களிலேயே நீண்ட வேலை நேரம், போதாத இடைவேளை என்று ஊழியர்கள் தொழிற்சங்கம் மூலம் புகார் செய்தார்கள். விருந்தினருக்கு ஒரு மணி நேரம் கூடினால் யாருக்கோ வேலை ஒரு மணி நேரம் கூடும் அல்லவா?

2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில் வெடித்தது பிரச்சினை. சீனாவின் மற்ற பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வந்தார்கள். பூங்கா நிரம்பிவிட்டதால் வாசலை மூடினார்கள். கோபம் கொண்ட மக்கள் வேலியேறிக் குதித்தார்கள். குழந்தைகளைக் கம்பிக்கு மேலே தூக்கி உள்ளே கொடுத்த காட்சிகள் உலகம் முழுவதும் செய்தியாயின. அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டு வாங்கியவர்கள் யார்? சாதாரண ஊழியர்கள்.

ஒரு நாள் ராஜா

எல்லாமே சோகக் கதை என்று எண்ண வேண்டாம். ஊழியர்கள் உண்மையாகவே மகிழ்ந்த பழக்கங்களும் நிறைய உண்டு.

டிஸ்னிலேண்டில் 1963-இல் ஊழியர்களுக்கான படகுப் போட்டி தொடங்கியது. கோடைக் காலத்தில், பூங்கா திறப்பதற்கு முன் விடியற்காலையில், விருந்தினர்கள் துடுப்புப் போடும் அதே நீண்ட படகுகளில் ஊழியர் அணிகள் போட்டி போட்டன. அங்கே மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலை இருக்கிறது. 1959-இல் அதைச் சுற்றி ஓடத் தொடங்கிய ரைடுதான் இரும்புக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் நவீன ரோலர் கோஸ்டர். அந்த மலையின் உச்சிக்குள், மலையேறும் வேடிக்கை காட்டும் ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் விளையாட ஒரு சிறிய கூடைப்பந்துக் களம் இருந்தது! கட்டுக்கதை போலத் தோன்றினாலும் உண்மை.

இன்னும் அழகான வழக்கம் ஜப்பானில் உண்டு. டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறக்கப்பட்டது. அதை நடத்துவது ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். அங்கே வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் பகுதிநேர ஊழியர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மாலையில் பூங்காவை மூடிய பிறகு, அவர்களுக்காக மட்டும் 'நன்றி நாள்' கொண்டாடுவார்கள். அன்று பகுதிநேர ஊழியர்கள் விருந்தினர்கள். நிறுவனத்தின் தலைமை அதிகாரிகளும் நிரந்தர ஊழியர்களும் சீருடை போட்டுக்கொண்டு ரைடு ஓட்டுவார்கள், சாப்பாடு பரிமாறுவார்கள், வாசலில் நின்று வணக்கம் சொல்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நன்றி நாளில் எந்த ரைடையும் சோதிப்பதில்லை. பரிசு பரிசாகவே இருக்கிறது. அதோடு மேலதிகாரிக்கு ஒரு பாடமும் கிடைக்கிறது. ஒரு மாலை முழுவதும் நின்றுகொண்டு வரிசையைக் கவனித்தவருக்கு அந்த வேலையில் கால் எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துவிடும்.

உள்ளே விடாத நாட்கள்

டிஸ்னி போன்ற நிறுவனங்களில் ஊழியர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பூங்காவுக்குள் இலவச நுழைவு உண்டு. வேலைக்குச் சேரும் பலரை ஈர்ப்பதே இந்தச் சலுகைதான். ஆனால் எல்லா நாளும் அல்ல. கூட்டம் அதிகமாக இருக்கும் விடுமுறை நாட்களில் இந்தப் பாஸ் செல்லாது. புதிய ரைடு திறந்த நாட்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். காசு கொடுத்து வருபவருக்கே இடம் போதாதபோது இலவசமாக வருபவருக்கு எங்கே இடம்?

இந்த இடத்தில்தான் முன்னோட்டம் மிக முக்கியமாகிறது. திறந்த பிறகு மாதக்கணக்கில் ஏற முடியாது என்றால், திறப்பதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஊழியரின் வாய்ப்பு. உதாரணமாக ஃபுளோரிடாவில் 'ட்ரான்' ரோலர் கோஸ்டர் 2023 ஏப்ரல் 4 அன்று திறக்கப்பட்டது. ஊழியர்களுக்கான முன்னோட்டம் பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டது. இப்படிப்பட்ட முன்னோட்டங்களுக்குச் சில நிபந்தனைகளும் உண்டு. முன்பதிவு வேண்டும். ரைடு நடுவில் நின்றாலும், அன்று ஓடாமலே போனாலும் கேட்க முடியாது. சில முன்னோட்டங்களில் படம் எடுத்து வெளியிடவும் தடை. பார்க்கலாம், சொல்லக் கூடாது!

2019-இல் வேடிக்கையான ஒரு திருப்பம் நடந்தது. மே 31 அன்று டிஸ்னிலேண்டில் ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களை வைத்துக் கட்டிய 'கேலக்ஸிஸ் எட்ஜ்' பகுதி திறக்கப்பட்டது. கூட்டம் அலைமோதும் என்று பயந்து, முதல் வாரங்களில் முன்பதிவு செய்தவர்களை மட்டும் அந்தப் பகுதிக்குள் விட்டார்கள். ஆண்டு பாஸ் வைத்திருந்த பலருக்கும், ஊழியர்களின் இலவச நுழைவுக்கும் பல நாட்கள் தடை போட்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து மற்றவர்களும் வராமல் இருந்துவிட்டார்கள். அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 3 சதவீதம் குறைந்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போட்ட திட்டம் கூட்டத்தையே விரட்டிவிட்டது!

பாஸ் வயிற்றை நிரப்புமா?

இலவச பாஸ் எவ்வளவு இனித்தாலும் அதைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. 2018 பிப்ரவரியில் டிஸ்னிலேண்ட் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்காக ஆக்ஸிடென்டல் கல்லூரி ஆய்வாளர்களும் எகனாமிக் ரவுண்ட்டேபிள் என்ற அமைப்பும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 5,000 ஊழியர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். மாதாந்திர அடிப்படைச் செலவுக்கே சம்பளம் போதவில்லை என்றவர்கள் 73 சதவீதம். கடந்த இரண்டு ஆண்டுகளில் தங்க வீடில்லாமல் இருந்திருக்கிறோம் என்றவர்கள் 11 சதவீதம். இந்த ஆய்வு சரியல்ல என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் அந்த எண்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன.

அதே ஆண்டு ஜூலையில், மணிக்குக் குறைந்தது 15 டாலர் என்று சில தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. நவம்பரில் அனஹைம் நகர மக்கள் வாக்களித்து, நகராட்சியின் உதவி பெறும் பெரிய விடுதி, கேளிக்கை நிறுவனங்கள் உயர்ந்த சம்பளம் தர வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது தங்களுக்குப் பொருந்தாது என்றது டிஸ்னி. வழக்கு நடந்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 2024-இல் 23 கோடியே 30 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

இடையில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் மூடிய ஃபுளோரிடா பூங்காக்கள் ஜூலை 11 முதல் திறக்கத் தொடங்கின. திறப்புக்குச் சில நாட்கள் முன் யாரை உள்ளே விட்டார்கள்? ஊழியர்களைத்தான். முகக்கவசம், இடைவெளி, கைகழுவும் இடம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர்களை வைத்தே ஒத்திகை பார்த்தார்கள். திறப்பைத் தள்ளிப் போடுங்கள் என்று ஊழியர்களில் ஒரு பகுதியினர் கையெழுத்து இயக்கம் நடத்தியதும் அப்போதுதான். செப்டம்பர் 29 அன்று பூங்காப் பிரிவில் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக டிஸ்னி அறிவித்தது. அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர ஊழியர்கள்.

2024 மே மாதம் டிஸ்னிலேண்டில் மிக்கி மவுஸ் போன்ற வேடம் போடுபவர்களும் ஊர்வலத்தில் ஆடுபவர்களும் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். வேண்டும் என்றவர்கள் 953, வேண்டாம் என்றவர்கள் 258. 'நடிகர்' என்று 1955 முதல் தங்களை அழைத்த நிறுவனத்தில், அவர்கள் சேர்ந்த சங்கம் உண்மையான நாடக நடிகர்களின் சங்கம்!

வரலாறு சொல்வது என்ன?

1955 முதல் இன்று வரை இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஊழியரை முதலில் ஏற்றுவது நல்ல வழக்கம். அது இல்லாமல் திறந்த பூங்காக்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். ஆனால் அந்த வழக்கம் நியாயமாக இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, ஊழியர் ஏறும் முன் பாதுகாப்புச் சோதனை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஏறி இறங்கிய பிறகு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மூன்றாவது, இந்தச் சலுகையைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது.

அடுத்த முறை ஏதாவது ஒரு தீம் பார்க்குக்குப் போய்ப் புதிய ரைடில் உட்காரும்போது, உங்கள் இடுப்புக் கம்பியை ஒருவர் இழுத்துப் பார்ப்பார். அந்தக் கம்பி பிடிக்கிறதா என்று அறிய அந்த இருக்கையில் உங்களுக்கு முன்பே அவரோ அவருடைய நண்பரோ உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்யுங்கள். வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் அவருக்கு அதுவும் ஒரு பரிசுதான்.